மலையில என்னத்துக்கு டீச்சர் ஏசி?

கராஜ்ல கேட்டாங்க, சாமான் கடையில கேட்டாங்க, எங்க ஸ்கூல் ஸ்டாப் ரூம்லயும் கேட்டாங்க. நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் நடுவுல ஓடுற காருக்கு ஏசி என்னத்துக்கு, ஜன்னல தொறந்து விட்டா அதவிட குளிர் வருமே, கொழும்புல இருந்து வர்றவங்களே இங்க வந்து ஸ்வெட்டர் தேடுறாங்களேன்னு. கேட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல, டீச்சருக்கு சல்லி மிச்சமாகட்டும்னு நல்ல மனசோட தான் சொன்னாங்க. ஆனா அந்தக் கேள்வி என்னைய உறுத்திக்கிட்டே இருந்துச்சு, பதில் தெரியாம இல்ல, தெரிஞ்ச பதில சொல்லி புரிய வைக்க முடியாம தான். போன மாசம் எங்க வீட்டு வாசல்லயே நானும் எங்க மாமாவும் சேந்து அந்த ஏசிக்கு நாங்களே கேஸ் போட்டு முடிச்சோம். அந்த ரெண்டு சனிக்கிழமையில கத்துக்கிட்டத எழுதி வைக்கணும்னு தோணுது, நம்ம மலைப்பக்கம் பழைய கார் வச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

என் கார் 2008ல செஞ்ச சின்ன ஜப்பான் கார். புதுசு வாங்குற யோசனையே கெடையாது. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டி திரும்ப 2025 பெப்ரவரியில தான் தனியார் வாகனத்துக்கு விட்டாங்க, அதுக்குள்ள பழைய காரோட வெல எங்க போய் நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். டீச்சர் சம்பளத்துல இருக்கிற காரத்தான் பாத்துப் பாத்து வச்சுக்கணும்.

கண்ணாடி வெள்ளையான வளைவு

போன வருசம் ஜூலை. தென்மேல் பருவமழை நிக்காம ஊத்திக்கிட்டிருந்த கிழமை. ஸ்கூல் விட்டு வர்றப்போ கார்ல நாங்க நாலு பேர், நானுஓயா பக்கம் இருக்கிற டீச்சர்மார் மூணு பேரும் என்னோட தான் வருவாங்க. நாலு குடை, நனைஞ்ச சாரி, ஈரச் சப்பாத்து, கொப்பி நெறஞ்ச பேக், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கதவ அடைச்சா காருக்குள்ள ஒரு வாளி தண்ணிய ஊத்தி வச்ச மாதிரி தான் இருக்கும். லிந்துலை தாண்டி ஏறுறப்போ பனி மூட்டம் எறங்கிருச்சு. மொதல்ல முன் கண்ணாடியோட கீழ் ஓரத்துல ஒரு வெள்ளக் கோடு. அப்புறம் நாங்க பேசப் பேச, மூச்சு விட விட, அந்தக் கோடு மெதுவா மேல ஏறுச்சு. வைப்பர் வெளிய அடிச்சுக்கிட்டே இருக்கு, ஆனா தண்ணி உள்பக்கம். புளோவர முழுசா வச்சேன், இன்னும் மோசமாச்சு. சாரி முந்தானையால தொடச்சேன், தொடச்ச எடம் கோடு கோடா இழுத்துக்கிச்சு, எதிர வந்த பஸ்ஸோட லைட் அந்தக் கோட்டுல பட்டு கண்ணாடி முழுக்க ஒரே வெளிச்சமாயிருச்சு. அந்த ரெண்டு செக்கன் எனக்கு ரோடே இல்ல.

பிரேக்க அமத்தி நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டின பிறகு பொனட்டுல ஒரு தட்டு கேட்டுச்சு. கண்ணாடிய எறக்கிப் பாத்தா மலையில இருந்து தேயிலக் கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வீட்டுக்குப் போற பொம்பளைங்க ஆறேழு பேர், கூடையோட, தலையில துண்டு போட்டு, ரோட்டோரமா வரிசையா நிக்கிறாங்க. முன்னுக்கு நின்னவங்களுக்கும் என் காருக்கும் நடுவுல ஒரு மொழம் கூட இல்ல. அவங்க ஏசல. கைய பொனட்டுல வச்சபடியே, "மெதுவா போ புள்ள, மழ விட்டு போகலாம்"னு சொன்னாங்க. எங்க அம்மாவும் 28 வருசம் அப்படி ரோட்டோரமா நடந்து வந்தவங்க தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க தூக்கமில்ல, அந்தக் கைய நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

மலையில ஏசி எதுக்குன்னு கேட்டா இதுக்குத்தான். குளிர்றதுக்கு இல்ல. ஏசி போட்டா காத்து மொதல்ல டெஸ்போர்ட்டுக்குள்ள இருக்கிற ஒரு சில்லுனு கம்பி வலையில பட்டுப் போகுது, அது ரெண்டு மூணு டிகிரி வரைக்கும் குளிர்ந்து இருக்கும். அந்த வலையில காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் தண்ணியா படிஞ்சு ஒரு டியூப் வழியா கீழ ரோட்டுக்குப் போயிடும், காஞ்ச காத்து தான் கண்ணாடிக்கு வரும். சூட்டையும் சேத்துப் போடுங்க, ரெண்டையும் ஒண்ணா போடக் கூடாதுன்னு நெறைய பேர் நெனச்சிருக்காங்க, அப்படி ஒண்ணும் இல்ல, ஏசி காய வைக்கும், ஹீட்டர் சூடாக்கும், கண்ணாடி ஒரு நிமிசத்துல தெளிஞ்சிரும். சூட்ட மட்டும் போட்டா கொஞ்சம் தெளியும் தான், ஆனா நாலு பேர் நனைஞ்சு உக்காந்திருக்கிற கார்ல அந்தச் சூடு ஈர உடுப்புல இருந்து இன்னும் தண்ணியக் கெளப்பி விடும். அதோட வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வைக்கணும், உள்ளயே சுத்த விடக்கூடாது. பேக்டரியில கொழுந்து வாட்டுற லோப்ட்ல, அதாவது மேல் மாடியில, வேலை செஞ்ச யாருக்கும் இது புதுசா இருக்காது, காத்த காய வைக்கிறது தான் அங்க பாதி வேலை.

"கேஸ் முடிஞ்சிருச்சு"

என் ஏசி அன்னைக்கு வேலை செய்யாம இருந்தது மூணாவது தடவ. அதுக்கு எட்டு மாசம் முன்னுக்கு டவுன்ல ஒரு கராஜ்ல காட்டினேன், அமுக்கம் பாக்குற கேஜ் மாட்டிப் பாத்துட்டு கேஸ் முடிஞ்சிருச்சு டீச்சர்னு 7,500 ரூபா வாங்கிக்கிட்டு அடிச்சுக் குடுத்தாரு. நாலு மாசம் ஓடுச்சு. திரும்ப போனேன், திரும்ப முடிஞ்சிருச்சுன்னாரு, திரும்ப 7,500. இந்தத் தடவ மூணு மாசம் கூட தாக்குப் பிடிக்கல. ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டா, "பழைய வாகனம் டீச்சர், அப்பப்ப அடிக்கணும், பெட்ரோல் மாதிரி தான், அதுவும் மலையில உங்களுக்கு என்னத்துக்கு"ன்னு அதே கேள்விக்கு வந்து நின்னாரு.

எனக்குக் கோபம் வந்தது அந்த பெட்ரோல் மாதிரிங்கிற வார்த்தையில தான். பெட்ரோல் எரிஞ்சு முடியுது. ஏசி கேஸ் எரியுறது இல்ல, குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வருது, கொம்ப்ரசர் அத அமுக்கி சூடாக்கும், முன்னுக்கு இருக்கிற கொண்டென்சர்ல அது ஆறி திரவமாகும், ஒரு சின்ன ஓட்டை வழியா பீச்சி விட்டா ஆவியாகி குளிரும், திரும்ப கொம்ப்ரசருக்கு வரும். எங்க வீட்டு பிரிட்ஜ் 14 வருசமா ஓடுது, ஒரு தடவ கூட யாரும் கேஸ் அடிக்கல. காருக்கு ரப்பர் ஹோஸ், சுத்துற சாப்ட்ல சீல்னு இருக்கிறதால வருசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியுறது உண்மை தான். மூணு மாசத்துல காலியாகுதுன்னா எங்கயோ ஓட்டை. அத தேடாம அடிக்கிறது ஓட்டை வாளியில தண்ணி மொள்ளுற வேலை.

அந்த கேஸ் எங்க போச்சுன்னும் யோசிக்கணும். நம்ம பழைய கார்கள்ல இருக்கிறது ஆர்-134ஏ. அதுக்கு முன்னுக்கு இருந்த ஆர்-12 ஓசோன ஓட்டை போடுதுன்னு 1987ல மொன்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு, இலங்கை 1989ல அதுல சேந்துச்சு, இத நான் பத்தாம் வகுப்புக்கு வருசா வருசம் சொல்லிக் குடுக்கிறேன். ஆர்-134ஏ ஓசோன ஒண்ணும் செய்யாது, ஆனா பூமிய சூடாக்குறதுல காபனீரொட்சைட்ட விட 1,400 மடங்குக்கு கிட்ட. என் கார்ல பிடிக்கிறது 320 கிராம். கணக்கு போட்டுப் பாத்தேன், அந்த 320 கிராம் காத்துல கலந்தா கிட்டத்தட்ட 200 லீட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம். 2022ல கியூஆர் கோட்டோட வரிசையில நின்னு காருக்கு கிழமைக்கு 20 லீட்டர் வாங்கினோமே, அது மாதிரி பத்து கிழமை பெட்ரோல். எட்டு மாசத்துல ரெண்டு தடவ, என் காசுல, என் கார்ல இருந்து.

மாமா பேக்டரியில பிட்டரா 30 வருசம் இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருகிட்ட சொன்னேன். மூக்குக் கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிக்கிட்டு, "பாப்பா, ஒழுகுற எடத்த கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது, மத்த பாதி அவசரப்படாம இருக்கிறது"ன்னாரு.

சவர்க்காரத் தண்ணி

கேஜ் செட் ஒண்ணு கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து எடுப்பிச்சோம், நீல ஹோஸ், செவப்பு ஹோஸ், நடுவுல மஞ்சள். தடிச்ச குழாயில இருக்கிறது அமுக்கம் கொறஞ்ச லோ பக்கம், மெல்லிசு குழாயில இருக்கிறது அமுக்கம் கூடின ஹை பக்கம், வாய் ரெண்டும் வேற வேற சைஸ், அதனால நீலம் செவப்புல ஏறாது. மொத நாள் காலையில வாசல்ல 15 டிகிரி. எஞ்சின் ஓடாம கேஜ்ல பாத்தா 35 பிஎஸ்ஐ. அந்தச் சூட்டுல உள்ள ஒரு சொட்டு திரவம் இருந்தாக்கூட எங்க ஊர்ல 58 கிட்ட காட்டணும். 35ன்னா வெறும் ஆவி மட்டும் தான் மிச்சம். இன்னொண்ணும் இதுல இருக்கு, திரவம் கொஞ்சம் இருந்தாலும் நெறைய இருந்தாலும் ஓடாம நிக்கிற கார்ல கேஜ் அதே நம்பர் தான் காட்டும். கடையில விக்கிற கேஸ் டின்னோட வர்ற கேஜ்ல இருக்கிற பச்ச, மஞ்ச, செவப்பு கலர் வட்டத்த வச்சு எவ்வளவு இருக்குன்னு சொல்லவே முடியாது, அதுவும் நம்ம குளிருக்கு அது பச்சைக்கு வர்றதுக்குள்ள கூடவே அடிச்சு விட்டிருப்போம். கூடிப்போனா குறைஞ்சத விட மோசம், கொம்ப்ரசரே போயிடும்.

மாமா ஒரு யோகட் கப்புல சவர்க்காரத் தண்ணி கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால ஒவ்வொரு ஜொயின்ட்டா தடவிக்கிட்டே வந்தாரு. கொண்டென்சர் வாய்ல ஒண்ணும் இல்ல. கொம்ப்ரசர் பின்னுக்கு ஒண்ணும் இல்ல. நான் டோர்ச் அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், கை வெறச்சுப் போச்சு. கடைசியா ஹோஸ கழட்டிட்டு லோ பக்கத்து வாயிலயே ஒரு சொட்டு வச்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அந்த வாயோட நடுவுல கடுகு அளவு ஒரு முத்து வந்துச்சு. பாத்துக்கிட்டே இருக்கோம், மெதுவா பெருத்து மொளகு அளவாச்சு, வானவில் கலர் ஓடுச்சு, ஒடஞ்சுச்சு. ஒடஞ்ச எடத்துலயே இன்னொண்ணு. மாமா பேசவே இல்ல, பிரஷ்ஷ கீழ வச்சுட்டு அந்த வாய விரலால காட்டினாரு. அந்த வாய்க்கு மூடி இல்ல. கேஸ் அடிச்சவரு கழட்டின மூடிய திரும்பப் போடல. உள்ள இருக்கிறது சைக்கிள் டியூப்ல இருக்கிற மாதிரி ஒரு குட்டி வால்வு, மூடி இல்லாததால அதுல தூசி, சேறு எல்லாம் போய் உக்காந்து சரியா மூடாம நின்னிருக்கு. ரெண்டு தடவ நான் 7,500 குடுத்து அடிச்ச கேஸ் அடிச்ச வாய் வழியாவே வெளிய போயிருக்கு.

மிச்சம் இருந்த ஆவிய அப்படியே பீச்சி விட எனக்கு மனசு வரல. தலவாக்கலையில பிரிட்ஜ் ரிப்பேர் பண்ற தம்பி ஒருத்தர்கிட்ட கேஸ எடுத்து சிலிண்டர்ல அடைக்கிற மெசின் இருக்கு, அவரு வந்து எடுத்துட்டுப் போனாரு, போறப்போ தன்னோட வெக்கியூம் பம்ப்ப அடுத்த சனிக்கிழமைக்கு தர்றேன்னாரு. வால்வும் ரப்பர் ரிங் வச்ச மூடியும் கண்டியில கெடச்சுது. டயருக்குப் போடுற வால்வு பாக்க அதே மாதிரி இருக்கும், அதப் போட்டுடாதீங்க, அந்த ரப்பர் இந்த கேஸுக்கும் எண்ணெய்க்கும் தாங்காது. ரெண்டு மூடிக்கும் சேத்து ஆன செலவ எழுதவே கஷ்டமா இருக்கு, 900 ரூபா.

முள்ளு 24லயே நின்னுருச்சு

ரெண்டாவது சனிக்கிழமை தான் எங்களுக்கு சோதனை. குழாய்க்குள்ள காத்தும் ஈரமும் இருக்கக் கூடாது, ஈரம் இருந்தா உள்ள ஐஸ் கட்டி கேஸ் பீச்சுற அந்தச் சின்ன ஓட்டைய அடைக்கும், எண்ணெயோட சேந்து அரிக்கும். அதனால கேஸ் போடுறதுக்கு முன்னுக்கு பம்ப் வச்சு உள்ள இருக்கிற எல்லாத்தையும் இழுத்துடணும். அமுக்கம் அவ்வளவு கொறஞ்சா உள்ள ஒட்டியிருக்கிற தண்ணி வாசல் குளிர்லயே கொதிச்சு ஆவியா வெளிய வந்துரும். நாங்க பாத்த வீடியோ எல்லாத்துலயும் முள்ளு பூச்சியத்துக்குக் கீழ எறங்கி 29, 30 இஞ்ச்ல போய் நிக்குது, அந்த அளவுக்கு எறங்கலன்னா லீக்னு சொல்றாங்க. எங்க முள்ளு எறங்குச்சு, எறங்குச்சு, 24 தாண்டி ஒரு அரை கோட்டுல நின்னுருச்சு. 20 நிமிசம் பாத்தோம். அரை மணித்தியாலம் பாத்தோம். அசையல.

மாமாவுக்கு மொகம் வாடிப்போச்சு. எல்லா ஜொயின்ட்டையும் திரும்ப இறுக்கினாரு, ஹோஸ் வாஷர மாத்தினாரு, பம்புக்கு எண்ணெய் பாத்தாரு, பிரிட்ஜ் தம்பிக்கு கோல் எடுத்து பம்ப் பழுதான்னு கேட்டோம், அவரு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்போ இன்னொரு ஓட்டை இருக்கு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல, டெஸ்போர்ட்டுக்குள்ள இருக்கும், அத கழட்டணும்னா எங்களால ஆகாது. பகல் ஒரு மணி ஆயிருச்சு. சாமான எல்லாம் அடுக்கிடுவோமான்னு மாமா கேட்டாரு. அப்போ தான் உள்ள இருந்து அம்மா வந்து, குக்கர் வாஷர் தேஞ்சு போச்சு, சட்டியில பருப்பு போட்டிருக்கேன், இந்த ஊர்ல குக்கர் இல்லாம பருப்பு வேக மாட்டேங்குது, சாப்பாடு சுணங்கும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

நான் அந்த முள்ளப் பாத்தபடியே நின்னேன். இந்த ஊர்ல பருப்பு ஏன் வேகல? தண்ணி 100 டிகிரிக்கு முன்னுக்கே, 95 டிகிரி கிட்டயே கொதிச்சிருது, அதுக்கு மேல சூடாக மாட்டேங்குது. ஏன் முன்னுக்கே கொதிக்குது? மேல இருந்து அமுக்குற காத்து கம்மி. நானுஓயா ஸ்டேசன் கடல் மட்டத்துல இருந்து 1,600 மீட்டருக்கு மேல இருக்கு. நான் பிள்ளைகளுக்கு பலகையில எழுதிக் குடுக்கிற 760 மில்லிமீட்டர் இரசம் கடல் மட்டத்துக்கு உள்ள கணக்கு, அது தான் வீடியோவுல வர்ற அந்த 30 இஞ்ச். எங்க வீட்டு வாசல்ல காத்தோட அமுக்கம் 625 கிட்ட தான். இஞ்சுக்கு மாத்தினா இருபத்தி நாலரை. முள்ளு காட்டுறது உள்ள இருக்கிறதுக்கும் வெளிய இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தான். உள்ள முழுசா வெறுமையாயிருச்சு, கொழும்புல ஒரு கார் எவ்வளவு வெறுமையாகுமோ அவ்வளவு. வெளிய இருக்கிற எங்க மலைக்காத்து தான் லேசு. அந்த முள்ளால இதுக்கு மேல எறங்கவே முடியாது.

இத நான் எத்தன வருசமா படிப்பிக்கிறேன். மலை ஏற ஏற வளியமுக்கம் குறையும்னு படம் கீறி, அம்புக்குறி போட்டு, பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு கேட்டு. அந்தப் பாடம் என் வீட்டு வாசல்ல ஒரு முள்ளா வந்து நிக்கிறத அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். மாமாகிட்ட சொன்னப்போ அவரு ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, அப்போ ஒழுகுதா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கிறதுன்னு கேட்டாரு, அது தான் சரியான கேள்வி. எவ்வளவு தூரம் எறங்குதுங்கிறத விட்டுட்டு, பம்ப்ப நிப்பாட்டின பிறகு அங்கயே நிக்குதான்னு பாக்கணும். ரெண்டு வால்வையும் மூடி பம்ப்ப நிப்பாட்டினோம். பேனாவால கேஜ் கண்ணாடியில முள்ளுக்கு நேரா ஒரு சின்ன கோடு போட்டேன். போய் பருப்பு சோறு சாப்பிட்டோம், நல்லா வெந்திருந்துச்சு, சுணங்கினாலும். ஒரு மணித்தியாலம் கழிச்சு வந்து பாத்தா முள்ளு அந்தக் கோட்டுலயே நிக்குது.

மலையில இருக்கிற எத்தன கராஜ்ல இந்த 30 இஞ்ச் வராததால நல்லா இருக்கிற சாமான கழட்டியிருப்பாங்களோன்னு அன்னைக்கு ரொம்ப நேரம் நெனச்சேன். ஹற்றன்ல 25, 26 கிட்ட நிக்கும், நுவரெலியா டவுன்ல 24க்கும் கீழ.

கேக் தராசு

பொனட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், என்ன கேஸ், எத்தன கிராம்னு. என்னோடதுல 320. கேஸ் டின் 340 கிராம். கொழுந்து நிறுக்கிறப்போ ஒரு கிலோ அங்க இங்க போனா அம்மா எப்படி சண்ட போடுவாங்கன்னு பாத்து வளந்தவ நான், இந்த 320ஐ சரியா நிறுக்கணும்னு முடிவா இருந்தேன். தங்கச்சி கேக் செய்யுற டிஜிட்டல் தராச வாங்கி ஸ்டூல்ல வச்சோம். டின் ஹோஸ மஞ்சளோட சேத்து அதையும் மொதல்லயே பம்ப்ல இழுத்து வச்சதால ஹோஸுக்குள்ள காத்து இல்ல. டின்ன தொறந்ததும் வெறுமையா இருந்த குழாய் தானாவே கொஞ்சம் இழுத்துக்கிச்சு. அப்புறம் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, ஏசி போட்டு, புளோவர் முழுசா வச்சு, லோ பக்கம் மட்டும் தொறந்தோம். ஹை பக்கத்து வால்வ டின் மாட்டியிருக்கிறப்போ தொறக்கவே கூடாது, எஞ்சின் ஓடுறப்போ அந்தப் பக்கத்து அமுக்கம் டின்னுக்குள்ள திரும்பி வந்து டின் வெடிக்கும். மாமா கிரைண்டர் கண்ணாடி போட்டிருந்தாரு, எனக்கும் ஒண்ணு குடுத்தாரு, கையொறையும். இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியில கொதிக்கிற சாமான், கண்ணுல பட்டா பார்வை போயிடும்.

டின்ன நிமித்தியே வைக்கணும், கவுத்தா திரவமா போய் கொம்ப்ரசர ஒடைக்கும். நிமித்தி வச்சா ஆவியா போகும், ஆனா போகப் போக டின் குளிர்ந்து வெளிய வெள்ளையா பனி படிஞ்சு, நம்ம ஊர் குளிருக்கு பாதியிலயே நின்னுரும். வெதுவெதுன்னு கை பொறுக்கிற தண்ணியில டின்ன வச்சோம், கொதி தண்ணி கிட்டயே கொண்டு போகக் கூடாது. வச்சு எடுத்து, தொடச்சு, நிறுத்து, திரும்ப வச்சு. 120. 190. 250. இடையில ஒரு தடவ கொம்ப்ரசர் டக்குனு பிடிச்சுச்சு, எஞ்சின் சத்தம் மாறுச்சு, மாமா என்னையப் பாத்தாரு. 300ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டு 320ல மூடினோம். லோ பக்கம் 28, ஹை பக்கம் 140. டெஸ்போர்ட் வாய்ல அம்மாவோட காய்ச்சல் பாக்குற தெர்மோமீட்டர் வேலைக்காகாதுன்னு ஸ்கூல் லேப்ல இருந்து ஒண்ணு கொண்டு வந்திருந்தேன், 6 டிகிரி காட்டுச்சு. ரெண்டு மூடியையும் மாமா கையாலயே இறுக்கினாரு.

சில பேர் இத கேட்டுட்டு அவங்களும் செய்யுறேன்னு வந்தாங்க, அவங்களுக்கு சொன்னத இங்கயும் சொல்லிடுறேன். கரண்டுல ஓடுற கொம்ப்ரசர் இருக்கிற ஹைபிரிட் கார வீட்டுல தொடாதீங்க, அதுக்கு எண்ணெயே வேற, நம்ம சாதாரண கேஸ் டின்னோட வர்ற எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் உள்ள இருக்கிற வயரோட காப்பு கெட்டுப் போகும், அது பெரிய வோல்டேஜ். புது கார்கள்ல ஆர்-1234வைஎப்னு வேற கேஸ், ஸ்டிக்கர்ல பாருங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தக் கூடாது. லீக்க அடைக்கும்னு மருந்து கலந்த டின் விக்கிறாங்க, அது ஓட்டையோட சேத்து தேவையான வழியையும் அடைக்கும். இன்னொருத்தர் சமையல் கேஸ் அடிச்சாலும் குளிரும் டீச்சர்னு சொன்னாரு. குளிரும், உண்மை தான், ஆனா எரியுற கேஸ் அது, கசிஞ்சா நம்ம பிள்ளைங்க உக்காந்திருக்கிற எடத்துக்குள்ள தான் வரும். 2021 கடைசியில வீட்டு வீட்டுக்கு கேஸ் வெடிச்சத நாம எல்லாரும் பாத்தோம், அதுக்குப் பிறகும் இப்படி ஒரு யோசனைய யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது.

அப்புறம் ஒண்ணு, மலையில ஏசி தேவையில்லன்னு மாசக்கணக்கா போடாம வைக்கிறது தான் அத கெடுக்குது. கேஸோட சேந்து சுத்துற எண்ணெய் தான் கொம்ப்ரசர் சீல ஈரமா வச்சிருக்கும், ஓட்டாம வச்சா அது காஞ்சு கசிய ஆரம்பிக்கும். வெயில் நாளா இருந்தாலும் கிழமைக்கு பத்து நிமிசம் போட்டு விடுங்க.

போன கிழமை திரும்ப அதே மாதிரி மழை. அதே நாலு பேர், அதே குடைங்க. லிந்துலை ஏத்தத்துல கீழ் ஓரத்துல வெள்ளக் கோடு வந்துச்சு, ஏசிய போட்டேன், ஹீட்டர பாதிக்கு வச்சேன், கோடு வந்த வழியே கீழ எறங்கி காணாமப் போச்சு. அந்த வளைவுல மெதுவாக்கி பாத்தேன், ரோட்டோரமா கூடையோட ரெண்டு பேர் போனாங்க, மொகமே தெரிஞ்சுது. அடுத்த நாள் காலையில ஸ்கூல்ல கார நிப்பாட்டிட்டு எறங்குறப்போ வாச்சர் அண்ணே ஓடி வந்தாரு, "டீச்சர், கார்ல இருந்து ஏதோ ஒழுகுது, கராஜ்ல காட்டுங்க." குனிஞ்சு பாத்தேன், டியூப் வாய்ல இருந்து சொட்டுச் சொட்டா விழுந்து கையகலத்துக்கு தேங்கியிருந்துச்சு. விரல வச்சுப் பாத்தேன், அவரும் வச்சுப் பாத்தாரு. சுத்தமான தண்ணி. இது எங்க இருந்து வருதுன்னு கேட்டாரு.

"எங்க நாலு பேரோட மூச்சும் குடைத் தண்ணியும் தான் அண்ணே."